ரெனினும் குறைவு, ஆல்டோஸ்டிரோனும் குறைவு: அடங்காத இரத்த அழுத்தம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் 56 வயதுத் தமிழ்ப் பெண்மணி. சிங்கப்பூரின் வடகிழக்கில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றில் கணவரோடும் மகளோடும் வசிக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாடம் நடத்துவது தொழில். சனி, ஞாயிறுகளில் கோயிலில் சிறுவர்களுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. குரல்தான் அவருக்குப் பிழைப்பு. நான் அவருடைய குடும்ப மருத்துவர். அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

48 வயதில் அவருக்கு உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது. அதில் வியக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது. அவருடைய அம்மாவுக்கும் இருந்தது. அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை, நாளுக்கு ஒன்று. எட்டு ஆண்டுகளாக மேல் எண் 124க்கும் 132க்கும் இடையில், கீழ் எண் 80ஐ ஒட்டி. கடைசியாக எடுத்த ஆண்டுப் பரிசோதனையில் (செப்டம்பர்) பொட்டாசியம் லிட்டருக்கு 4.1 மில்லிமோல், இயல்பான அளவு சுமார் 3.5 முதல் 5 வரை. சிறுநீரகச் செயல்பாடும் சர்க்கரையும் சரியாக இருந்தன. எடை 63 கிலோ.

தீபாவளி முடிந்த கையோடு அவருக்குச் சளி பிடித்தது. சளி போனது, தொண்டைக் கரகரப்பு போகவில்லை. நவம்பர் இறுதியில் வந்தபோது அழுத்தம் 130/80. தொண்டையில் சிவப்போ புண்ணோ இல்லை. குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னேன். ஆண்டு இறுதி விடுமுறை முடிந்து ஜனவரியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஓய்வு எங்கே கிடைக்கும்?

மார்ச் முதல் ஜூன் வரை கவனித்தவை

மார்ச் மாத வழக்கமான வருகையில் 158/94. சற்று உட்காரவைத்து மறுபடி பார்த்தாலும் 156/94. வீட்டில் காலையும் மாலையும் எடுத்துக் குறித்துவரச் சொன்னோம். அங்கும் சராசரி 150க்கு மேல்தான். மருத்துவரைக் கண்டதால் ஏறிய அழுத்தம் என்று தள்ளிவிட முடியவில்லை.

இப்படி நிலையாக இருந்தவருக்குத் திடீரென ஏறினால் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் உண்டு. மாத்திரையைத் தவறவிடுகிறீர்களா, மூட்டுவலிக்கு வலிநிவாரணி எடுக்கிறீர்களா, மூக்கடைப்பு மாத்திரை, உப்பு, தூக்கம், குறட்டை. எல்லாவற்றுக்கும் இல்லை என்றோ, முன்போலத்தான் என்றோ பதில் வந்தது. “வேறு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?” என்பதற்கும் “இல்லை டாக்டர்” என்றார். அது பொய்யில்லை.

லோசார்டான் 50 மி.கி. சேர்க்கப்பட்டது. ஏப்ரலில் 160/96, லோசார்டான் 100 மி.கி. ஆனது. மே மாதம் 164/98, சிறுநீர் பெருக்கியான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்தது. எட்டு ஆண்டுகள் ஒற்றை மாத்திரையில் அடங்கியிருந்த அழுத்தம், மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லை. எடை 65.5 கிலோ. கணுக்காலில் மாலை வேளைகளில் லேசான வீக்கம் இருந்தது. அம்லோடிபின் எடுப்பவர்களுக்கு அப்படி வீங்குவது சாதாரணம் என்பதால் அது தனியாகக் கண்ணில் படவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் மகள் அழைத்துவந்தார். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் தோள் சோர்கிறது, மின்தூக்கி பழுதான அன்று மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியதாயிற்று என்றார். அன்றே எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 2.7. இதய மின்வரைவில் டி அலைகள் தட்டையாகி, அவற்றின் பின்னால் யு அலைகள் எழுந்திருந்தன. பொட்டாசியம் குறைந்த இதயத்தின் கையெழுத்து அது. உடனே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அனுப்பினோம். நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றி, இரவு முழுவதும் இதயத்துடிப்பைக் கண்காணித்து, 3.4க்கு வந்ததும் அனுப்பிவைத்தார்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு நிறுத்தப்பட்டது. பொட்டாசியம் குளோரைடு மாத்திரை தொடங்கப்பட்டது.

அந்தச் சிறுநீர் பெருக்கி மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பது தெரிந்த விஷயம். அதோடு கதை முடிந்தது என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தது.

மறுபடி இறங்கிய பொட்டாசியம்

பத்து நாள் கழித்துப் பார்த்தால் 2.9. குற்றம் சாட்டப்பட்ட மாத்திரை உடலில் இல்லை. பொட்டாசியம் குளோரைடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. லோசார்டானோ பொட்டாசியத்தை ஏற்றிவிடும் இயல்புள்ள மருந்து. மூன்றும் ஒரே திசையில் தள்ளியும் எண் எதிர்த்திசையில் போகிறது என்றால், தயசைடு ஏற்கெனவே இருந்த ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததே தவிர, தானே காரணமில்லை.

சிறுநீரில் பொட்டாசியத்தை அளந்தோம். இரத்தத்தில் இவ்வளவு குறைந்திருக்கும்போது சிறுநீரகம் பொட்டாசியத்தைக் கஞ்சத்தனமாகப் பிடித்துவைக்க வேண்டும். இவருக்கு அது தாராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இல்லாதவருக்கு இப்படியென்றால் இழப்பு சிறுநீரகத்தின் வழியாகத்தான். சோடியம் 145, பைகார்பனேட் 32. இரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருந்தது.

உயர் அழுத்தம், குறைந்த பொட்டாசியம், காரப் பக்கம் சாய்ந்த இரத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த மருத்துவரின் மனமும் முதலில் அட்ரினல் சுரப்பிக்குத்தான் போகும். சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சிறு சுரப்பியின் வெளியடுக்கிலிருந்து வருவது ஆல்டோஸ்டிரோன். சிறுநீர்க் குழல்களின் கடைப்பகுதியில் சோடியத்தை உடலுக்குத் திருப்பி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளுவது அதன் வேலை. சோடியம் தங்கினால் நீரும் தங்கும், அழுத்தம் ஏறும். சுரப்பியில் ஒரு சிறு கட்டி தன்னிச்சையாக ஆல்டோஸ்டிரோனைச் சுரந்து இந்த நிலையை உண்டாக்கலாம் என்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் 1955ல் விவரித்தார். அவருடைய முதல் நோயாளியும் தசைச் சோர்வோடும் இழுப்போடும் வந்த பெண்தான். இது அபூர்வமான நோய் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. சிங்கப்பூரில் 350 உயர் இரத்த அழுத்தக்காரர்களைச் சோதித்து 2000ல் வெளியான ஆய்வில், குறைந்தது 4.6 விழுக்காட்டினரிடம் அது உறுதியானது. ஆக, இங்கே தேடத் தகுந்த நோய். உட்சுரப்பியல் நிபுணருக்குக் கடிதம் எழுதினோம்.

எதிர்பார்த்ததும் வந்ததும்

நிபுணர் இரத்தம் எடுப்பதற்கு முன் இரண்டு முடிவுகள் எடுத்தார். இரண்டும் கற்கத் தகுந்தவை.

முதலாவது, பொட்டாசியத்தை 3.6க்கு ஏற்றும்வரை பரிசோதனையைத் தள்ளிவைத்தார். பொட்டாசியம் குறைவாக இருந்தால் சுரப்பியே ஆல்டோஸ்டிரோனைக் குறைத்துக்கொள்ளும். கட்டி இருந்தாலும் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இரண்டாவது, லோசார்டானை நிறுத்தவில்லை. இதைப் புரிந்துகொள்ள ரெனினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண்தமனியின் சுவரில் சில உயிரணுக்கள் அழுத்தத்தை இடைவிடாமல் உணர்ந்துகொண்டிருக்கின்றன. அழுத்தம் குறைந்தாலோ, குழலில் உப்பு குறைந்தாலோ, பரிவு நரம்பு தூண்டினாலோ அவை ரெனினை வெளியிடும். முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தினால் அழுத்தம் ஏறுகிறது என்று ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் 1898ல் கண்ட பொருள் இதுதான். ரெனின், கல்லீரல் தரும் புரதம் ஒன்றை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும். பெரும்பாலும் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் இருக்கும் நொதி அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக்கும். அது குழாய்களைச் சுருக்கும், தாகத்தைத் தூண்டும், அட்ரினலிடம் ஆல்டோஸ்டிரோனைக் கேட்கும். உப்பும் நீரும் போதுமான அளவு தேங்கி அழுத்தம் ஏறியதும் ரெனின் தானாக அடங்கும். லோசார்டான், ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் இடத்தை மறித்துவிடுகிறது. அதனால் உடல் ‘இன்னும் போதவில்லை’ என்று ரெனினைக் கூட்டும். எனவே லோசார்டான் எடுப்பவருக்கு ரெனின் ஏறியிருப்பதே இயல்பு. அவருக்கும் ரெனின் அடங்கிக் கிடந்தால், உடலில் எதுவோ உப்பை அளவுக்கு மீறிப் பிடித்துவைத்திருக்கிறது என்பதற்கு அதைவிட வலுவான சாட்சி கிடையாது.

முடிவு வந்தது. ரெனின், கருவி அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே. அதுவரை எதிர்பார்த்தபடிதான். ஆனால் ஆல்டோஸ்டிரோனும் அதேபோல் எல்லைக்குக் கீழே இருந்தது.

இப்படி ஓர் அறிக்கையை வாசிப்பதில்தான் சிக்கல். ஆல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரக்கும் நோயைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டின் விகிதத்தைப் பார்ப்பார்கள். விகிதம் உயரவில்லை என்றால் ‘அந்த நோய் இல்லை’ என்று முடித்து, நான்காவது மாத்திரையை எழுதிவிடலாம். அறிக்கைத் தாளில் அது சாதாரண முடிவு போலவே தெரியும். உண்மையில் அது சாதாரணத்துக்கு நேர் எதிர். உப்பு தேங்குகிறது, பொட்டாசியம் கழிகிறது, அதாவது ஆல்டோஸ்டிரோனின் வேலை முழுவேகத்தில் நடக்கிறது. வேலைக்காரரை மட்டும் காணோம். அப்படியானால் அந்த இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

யாராக இருக்கலாம் என்ற பட்டியல் சிறியது. சிறுநீர்க் குழலில் சோடியம் நுழையும் வழி எப்போதும் திறந்தே கிடக்கும் லிடில் நோய் பரம்பரையாக வருவது, பெரும்பாலும் இளம் வயதிலேயே வெளிப்படும். கார்டிசால் என்ற ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய் ஒன்று. இரவில் கார்டிசாலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி. கொடுத்துக் காலையில் பார்த்த கார்டிசால் முறையாக அடங்கியிருந்ததால் அதுவும் விலகியது. ஆல்டோஸ்டிரோனுக்கு முந்திய நிலை ஹார்மோன்களைச் சுரக்கும் அபூர்வக் கட்டிகளும் நொதிக் குறைபாடுகளும் உண்டு. பூஞ்சைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் உண்டு. கடைசியாக, ஒரு வேர். நிபுணரின் கடிதத்தில் ஒரே வரி: மூலிகை, நாட்டு மருந்து, சீன மருந்து பற்றி மீண்டும் விரிவாகக் கேட்கவும்.

செவிலியர் கேட்ட விதம்

இந்தப் பகுதியின் பெருமை எங்கள் மருந்தகத்தின் செவிலியருக்கு உரியது. ‘மருந்து’ என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. “டீச்சர், நேத்து காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வாய்க்குள்ள என்னென்ன போச்சு? தண்ணிகூட விடாம சொல்லுங்க” என்றார்.

பதில் சரளமாக வந்தது. காலையில் வெந்நீரில் குவியலாக ஒரு கரண்டி அதிமதுரப் பொடியும் தேனும். வகுப்புக்கு வகுப்பு நடுவே அதிமதுரக் குச்சி ஒரு துண்டு, கடைவாயில். இரவு சித்தரத்தை, மிளகு, அதிமதுரம் போட்ட கஷாயம். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. பாட்டு வகுப்புத் தோழி சொன்னதாம். குரல் இறங்கிப்போனவர்களுக்கு அதைவிட நல்லது இல்லையாம். போதாததற்கு, கீழ்த்தளத்துச் சீன மருந்துக் கடையில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை தொண்டைக்கு இதமான மூலிகைத் தேநீர்.

மகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். பொடி, லிட்டில் இந்தியாவில் மளிகையோடு மளிகையாக வாங்கியது. மஞ்சள்தூளுக்கும் மிளகுக்கும் பக்கத்துத் தட்டில் இருப்பதை யாரும் மருந்துப் பட்டியலில் சேர்ப்பதில்லை. மூலிகைத் தேநீரின் பொட்டலத்தில் இருந்த பொருள் பட்டியலைச் சீனம் வாசிக்கத் தெரிந்த எங்கள் பதிவு உதவியாளர் படித்தார். அதிலும் கான்சாவ், அதாவது அதே இனத்து வேர். தமிழ்ப் பாட்டி வைத்தியமும் சீன வைத்தியமும் ஒரே மேசையில் சந்தித்துக்கொள்ளும் ஊரில், ஒரே பொருளை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒருவர் எடுத்துக்கொள்வது எளிது.

மகள் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்ததில், வீட்டுப் பொடியும் குச்சியும் கஷாயமும் சேர்ந்து நாளுக்கு 8 முதல் 10 கிராம். தேநீரின் அளவு தெரியாது. வேரில் உள்ள முக்கியப் பொருள் கிளிசிரிசின். இனிப்புக்கும் அதுவே காரணம். அதன் அளவு வேருக்கு வேர் பெரிதும் மாறும். எடையில் 2 விழுக்காடு என்று குறைத்தே வைத்தாலும், நாளுக்கு 160 முதல் 200 மி.கி. ஆகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003ல் வைத்த மேல்வரம்பு நாளுக்கு 100 மி.கி. இவர் ஏழு மாதம் அதைத் தாண்டியிருந்தார்.

வேர் செய்த வேலை

ஆல்டோஸ்டிரோன் போய் இணையும் ஏற்பிக்கு ஒரு விசித்திரம் உண்டு. அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலும் அதில் அதே வலுவோடு இணையும். இரத்தத்தில் கார்டிசாலின் அளவோ ஆல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கும் மேல். போட்டி வைத்தால் ஆல்டோஸ்டிரோனுக்கு இடமே கிடைக்காது. அப்படி ஆகாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு நொதி. சிறுநீரகக் குழலின் உயிரணுவுக்குள் கார்டிசால் நுழைந்ததும், அந்த நொதி அதைக் கார்டிசோனாக மாற்றிவிடும். கார்டிசோன் அந்த ஏற்பியில் இணையாது. நுழைவுச்சீட்டு இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் ஊழியரைப் போன்றது அந்த நொதி.

கிளிசிரிசின் குடலில் சிதைந்து உண்டாகும் கிளிசிரெட்டினிக் அமிலம் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. பிறகு, உடலில் என்றும் இருக்கும் சாதாரண அளவு கார்டிசாலே ஏற்பிகளை நிரப்பி, ஆல்டோஸ்டிரோனின் வேலையை இரவு பகலாகச் செய்யும். சோடியம் ஏறும், நீர் தேங்கும், அழுத்தம் உயரும், பொட்டாசியம் கழியும். சிறுநீரகம் அழுத்தம் போதும் என்று ரெனினை அடக்கும். ரெனின் இல்லாததால் ஆல்டோஸ்டிரோனும் அடங்கும். கார்டிசாலின் இரத்த அளவு ஏறுவதில்லை என்பதால் அந்தப் பரிசோதனையும் சரியாகவே வரும். இவருடைய அறிக்கையில் கண்ட ஒவ்வோர் எண்ணும் இதில் பொருந்துகிறது.

இதை முதலில் கவனித்தவர் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ். வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகாலும் வீங்கியதை 1946ல் எழுதினார். நொதிதான் காரணம் என்பது துலங்க 1980களின் பிற்பகுதி ஆயிற்று. எடின்பரோவிலும் மெல்பர்னிலும் நடந்த ஆய்வுகள் அதை நிறுவின.

இவ்வளவு உப்பு தேங்கியும் ஏன் உடல் முழுக்க வீங்கவில்லை என்று மகள் கேட்டார். நல்ல கேள்வி. நீர் கூடி இதயத்தின் மேலறைகள் விரியும்போது அங்கிருந்து இன்னொரு ஹார்மோன் வருகிறது. கனடாவில் டி போல்ட் குழுவினர் 1981ல் வெளிப்படுத்திய அது, சிறுநீரகத்தை உப்பை வெளியேற்றச் சொல்கிறது. ஏறிய அழுத்தமும் தன் பங்குக்கு உப்பைத் தள்ளுகிறது. அதனால் இரண்டு மூன்று கிலோவோடு நீர் ஒரு சமநிலைக்கு வந்துவிடும். அழுத்தம் மட்டும் இறங்காது. 63 கிலோ 65.5 ஆனதன் கணக்கு அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அதிமதுரம் எல்லா வடிவிலும் அன்றே நிறுத்தப்பட்டது. சீன மூலிகைத் தேநீரும்தான்.

குடும்பத்தார் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று வற்புறுத்தினார்கள். அட்ரினலில் கட்டி இருக்கலாம் என்று ஒருமுறை காதில் விழுந்த பிறகு அந்தப் பயம் எளிதில் போகாது. நிபுணர் மறுத்தார். நடுவயது தாண்டியவர்களை ஸ்கேன் செய்தால், எந்தத் தீங்கும் செய்யாத சிறு அட்ரினல் கட்டி சில விழுக்காட்டினரிடம் தற்செயலாகத் தென்படும். ஆல்டோஸ்டிரோனே சுரக்காத ஒருவரிடம் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், அதைத் துரத்திக்கொண்டு மேலும் பரிசோதனைகள் போக நேரும். வேரை நிறுத்தி இரண்டு மாதத்தில் அழுத்தம் இறங்கவில்லை என்றால் எடுக்கலாம் என்று ஒத்திவைத்தார். என் கருத்தும் அதுவே.

மருந்துகள் விஷயத்தில் கவனம் தேவைப்பட்டது. கிளிசிரெட்டினிக் அமிலம் உடலைவிட்டு மெதுவாகத்தான் போகும். நொதி மீண்டு எழ இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை பொட்டாசியம் கழிந்துகொண்டே இருக்கும். எனவே அந்த ஏற்பியையே மறிக்கும் ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. சேர்க்கப்பட்டது. ஆனால் நொதி மீண்ட பிறகு, லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன், பொட்டாசியம் மாத்திரை மூன்றும் சேர்ந்து பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும். குறைந்ததைவிட மிகுந்ததே இதயத்துக்குச் சட்டென்று ஆபத்து. அதனால் லோசார்டான் 50 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது, வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை என்று முடிவாயிற்று.

கணவரையும் சோதித்தோம். இரவுக் கஷாயத்தை அவரும் அதே ஏழு மாதம் குடித்திருந்தார். அழுத்தம் 126/76, பொட்டாசியம் 3.9. அவர் குடித்தது பாதிக்கும் குறைவு. அளவு ஒருபுறமிருக்க, ஆளுக்கு ஆள் தாங்கும் திறனும் மாறும்; ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர்களையும் வயது கூடியவர்களையும் பெண்களையும் இது அதிகம் தாக்குவதாக அறியப்பட்டுள்ளது. “நானும்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்ற அவருடைய வாதம் அன்று மருந்தகத்தில் எடுபடவில்லை.

அதன் பின் நடந்தது

முதல் வாரம் முடிவில் பொட்டாசியம் 3.7, அழுத்தம் 150/90. இழுப்பு நின்றிருந்தது. இரண்டாம் வாரம் 4.3, பொட்டாசியம் மாத்திரை நிறுத்தப்பட்டது. மூன்றாம் வாரம் 4.9. ஸ்பைரோனோலாக்டோனும் நின்றது. வாரந்தோறும் பார்க்காமல் ஒரு மாதம் விட்டிருந்தால் அந்த எண் எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆறாம் வாரம் வீட்டு அளவுகளின் சராசரி 132/80. எடை 63.2 கிலோ. எட்டாம் வாரம் லோசார்டானும் நிறுத்தப்பட்டது. நான்கு மாதம் கழித்து ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் மறுபடி அளக்கப்பட்டன. இரண்டும் இயல்பான வரம்புக்குள். இந்த ஹார்மோன்கள் விழித்தெழச் சில மாதங்கள் பிடிக்கலாம் என்பதால், முன்கூட்டியே அளந்து குழம்பவில்லை. இப்போது அம்லோடிபின் 5 மி.கி. மட்டும், அழுத்தம் 128/78. ஸ்கேன் தேவைப்படவே இல்லை.

தொண்டைக் கரகரப்புக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவர் காரணம் சொன்னார்: இரவில் வயிற்று அமிலம் மேலேறுவது. படுக்கப்போகும் நேரத்துக்கு மூன்று மணி முன்னதாகச் சாப்பிடுவது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, வகுப்பில் இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி. குரல் பெரும்பாலும் திரும்பிவிட்டது. கொஞ்சமாக அதிமதுரம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டார். மற்றவர்கள் எப்போதாவது ஒரு கஷாயத்தில் ஒரு துண்டு போட்டுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. இவருக்கு வேண்டாம் என்றேன். சுக்கு, மிளகு, தேனுக்குத் தடை சொல்லவில்லை.

இனி எங்கள் மருந்தகத்தில்

நிலையாக இருந்த இரத்த அழுத்தம் காரணமின்றி ஏறினால், இரண்டாவது மாத்திரையை எழுதும் அன்றே பொட்டாசியத்தையும் பார்க்கிறோம். ஆண்டுப் பரிசோதனை வரட்டும் என்று விடுவதில்லை. மருந்து பற்றிய கேள்வியைச் செவிலியர் கேட்ட வடிவத்துக்கே மாற்றிவிட்டோம்: காலை முதல் இரவு வரை வாய்க்குள் போவது என்ன. முடிந்தால் பையோடு வரச் சொல்கிறோம். ஒரு வேருக்குப் பல மொழிகளில் பல பெயர் இருப்பதால், அதிமதுரத்தின் படமும் குச்சியும் பொடியும் மேசை இழுப்பறையில் உண்டு. காட்டினால் “ஓ, இதுவா!” என்று பதில் வருகிறது. சீன, மலாய் நோயாளிகளிடமும் அப்படித்தான்.

உயர் இரத்த அழுத்தம் உள்ள எல்லாருக்குமே ஆல்டோஸ்டிரோனும் ரெனினும் பார்ப்பது நல்லது என்று அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டி 2025ல் பரிந்துரைத்தது. அந்தப் பழக்கம் இங்கும் பரவினால், இரண்டும் தாழ்ந்த அறிக்கைகள் முன்பைவிட அடிக்கடி எங்கள் கைக்கு வரும். அதனால் இப்போது விகிதத்தை மட்டும் படிப்பதில்லை. இரண்டு எண்களையும் தனித்தனியே படித்து, பக்கத்தில் பொட்டாசியத்தையும் அன்று எடுத்துக்கொண்டிருந்த மருந்துகளையும் குறித்துவைக்கிறோம். ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் சேர்ந்து அடங்கியிருந்து பொட்டாசியமும் குறைவாக இருந்தால், கோப்பை மூடுவதற்கு முன் செவிலியரிடம் அனுப்புகிறோம்.